ரிட் என்னும் நீதிப்பேராணை: சொல்லும் பொருளும்

ஓர் அதிகாரியோ அரசு அமைப்போ தீர்ப்பாயமோ ஒன்றைச் செய்ய வேண்டும் என்றோ, செய்யக் கூடாது என்றோ, செய்தது செல்லாது என்றோ உயர்நிலை நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைக்கு ரிட் என்று பெயர். தமிழ்நாட்டின் சட்டத் தமிழ் இதை நீதிப்பேராணை என்கிறது. இலங்கையின் சட்டத் தமிழ் எழுத்தாணை என்கிறது. இந்திய அரசமைப்பின் 32-ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்கும், 226-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரத்தை அளிக்கின்றன. அந்த ஆணை யாரைக் கட்டுப்படுத்தும், எந்த எல்லை வரை செல்லும் என்ற இரண்டு கேள்விகளே இச்சொல்லின் வரலாற்றை நடத்திச் சென்றிருக்கின்றன.

சொல்லின் பிறப்பு

ரிட் பழைய ஆங்கிலச் சொல். கீறுதல், எழுதுதல் என்று பொருள்படும் வினையடியிலிருந்து வந்தது. இன்று ஆங்கிலத்தில் எழுதுவதைக் குறிக்கும் வினையும் அதே அடியைச் சேர்ந்தது. ஆகவே தொடக்கத்தில் ரிட் என்றால் எழுதப்பட்டது எதுவும்தான். 11-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது மன்னனின் முத்திரை தொங்கும் சிறு ஓலையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மாவட்ட மன்றங்களுக்கும் அங்கிருந்த அதிகாரிகளுக்கும் மன்னன் தன் விருப்பத்தை இவ்வாறு எழுதி அனுப்பினான். 1066-க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த நார்மன் மன்னர்களும் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. அவர்களுடைய எழுத்தர்கள் லத்தீனில் எழுதியதால் அந்த ஓலை, குறுகியது என்னும் பொருளில், பிரீவே என்றும் அழைக்கப்பட்டது.

சோழர் கால ஆட்சியிலும் இதை ஒத்த நடைமுறை இருந்தது. மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை என்ற பதவியில் இருந்தவர் எழுதுவார். ஓலைநாயகம் அதைச் சரிபார்ப்பார். திருமுகம் என்ற பெயரில் அது நாட்டாருக்கும் ஊராருக்கும் செல்லும். ஆனால் திருமுகம் ஆட்சி ஆவணமாகவே நின்றுவிட்டது. இங்கிலாந்தின் ரிட்டோ நீதிமன்றத்துக்குள் நுழைந்தது.

12-ஆம் நூற்றாண்டிலிருந்து, மன்னனின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க விரும்பியவர் அதற்கென்று கட்டணம் செலுத்தி ஒரு ரிட் வாங்க வேண்டியிருந்தது. நிலத் தகராறுக்கு ஒரு வகை, கடனுக்கு ஒரு வகை என்று ரிட்டுகள் பெருகின. இவை எல்லாருக்கும் உரிய, கட்டணம் கட்டினால் கிடைக்கும் ரிட்டுகள். இவற்றுக்கு அப்பால், மன்னன் தன் அதிகாரிகளையும் கீழ்மன்றங்களையும் கட்டுக்குள் வைக்கப் பயன்படுத்திய சில ரிட்டுகள் தனி வகையாக நின்றன. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் இவற்றை மன்னனின் தனியுரிமை ரிட்டுகள் என்று பெயரிட்டு வகுத்தார். இந்திய அரசமைப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஐந்தும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஐந்து பெயர்கள்

ஐந்தில் நான்கு பெயர்கள், லத்தீனில் எழுதப்பட்ட பழைய ஓலைகளின் வாசகத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட சொற்கள்.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதற்கு ‘உடலை நீ கொண்டிருப்பாயாக’ என்று பொருள். ஆளைப் பிடித்து வைத்திருப்பவரிடம், அவரோடு மன்றத்துக்கு வா என்று சொல்லும் வாசகம். தொடக்கத்தில் இதற்கும் விடுதலைக்கும் தொடர்பு இல்லை. வழக்குக்கு வர மறுப்பவரை இழுத்து வரவே இது பயன்பட்டது. ஆளைக் கொண்டுவரும்போது அவரை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய் என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் சேர்ந்தபின் அதன் இயல்பு மாறியது. 1627-இல், கட்டாயக் கடன் தர மறுத்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட, நைட் பட்டம் பெற்ற ஐவர் இந்த ரிட்டைக் கேட்டபோது, ‘மன்னரின் தனிக் கட்டளை’ என்பதே போதிய காரணம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அவர்களுக்கு அன்று விடுதலை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த உரிமை விண்ணப்பமும், 1679-ஆம் ஆண்டின் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டமும் அந்த வாதத்துக்கு இடமில்லாமல் செய்தன. மன்னனின் ஓலை மன்னனையே கேள்வி கேட்கும் கருவியானது இப்படித்தான்.

மாண்டமஸ் என்றால் ‘கட்டளையிடுகிறோம்’. சட்டப்படி செய்தாக வேண்டிய கடமையைச் செய்யாமல் இருக்கும் பொது அதிகாரிக்கு உரியது. செர்ஷியோரரி என்பது ‘தெளிவுபடுத்தப்பட வேண்டும்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை. கீழ்மன்றத்தின் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்து, வரம்பு மீறிய முடிவை நீக்குவது அதன் வேலை. கோ வாரண்டோ ‘எந்த அதிகாரத்தால்?’ என்ற கேள்வி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் எட்வர்ட், தனி உரிமைகளை அனுபவித்துவந்த நிலப்பிரபுக்களிடம் அவற்றை எந்தப் பட்டயத்தின்படி பெற்றீர்கள் என்று விசாரிக்க இதைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் அது பொதுப் பதவியில் அமர்ந்திருப்பவரின் தகுதியைச் சோதிக்கும் ரிட்டாக மாறியது. ஐந்தாவதான புரொஹிபிஷன் தடையைக் குறிக்கும் வெளிப்படையான சொல். திருச்சபை மன்றங்கள் தம் வரம்பைத் தாண்டாதபடி தடுப்பதே அதன் பழைய வேலை. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது தடுப்பது புரொஹிபிஷன். முடிந்தபின் நீக்குவது செர்ஷியோரரி.

இந்தியாவுக்கு வந்த ரிட்

1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், 1774-இல் கல்கத்தாவில் ஒரு நீதிமன்றம் அமைந்தது. அதன் பெயரே சுப்ரீம் கோர்ட். லண்டனில் மன்னரின் மன்றத்துக்கு இருந்த அதிகாரங்கள் அதன் நீதிபதிகளுக்கும் வழங்கப்பட்டன. அவற்றோடு ரிட்டும் வந்தது. 1801-இல் சென்னையிலும், 1820-களில் பம்பாயிலும் அதே பெயரில் மன்றங்கள் ஏற்பட்டன.

ரிட் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி உடனே எழுந்தது. 1779-இல் மேதினிப்பூர்ப் பகுதியின் காசிஜோரா ஜமீன்தாருக்கு எதிராகக் கல்கத்தா மன்றம் அனுப்பிய ரிட்டை நிறைவேற்றச் சென்றவர்களை, வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆட்சிக் குழு படையை அனுப்பித் தடுத்தது. 1781-ஆம் ஆண்டின் சட்டம் மன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்தது. 1828-இல் பம்பாய் மன்றம், புனேயில் உறவினரின் பிடியில் இருந்த மோரோ ரகுநாத் என்ற சிறுவனைக் கொண்டுவருமாறு ஹேபியஸ் கார்ப்பஸ் பிறப்பித்தது. ஆளுநர் ஜான் மால்கம் அதை நிறைவேற்ற மறுத்தார். நீதிபதி ஜான் பீட்டர் கிராண்ட் எதிர்ப்பின் அடையாளமாக மன்றத்தையே மூடினார். லண்டனின் பிரிவி கவுன்சில் 1829-இல் ஆளுநர் பக்கம் நின்றது.

1862-இல் மூன்று மாநகரங்களின் சுப்ரீம் கோர்ட்டுகளும் கலைந்து, அவற்றின் இடத்தில் உயர் நீதிமன்றங்கள் தோன்றின. பழைய மன்றங்களின் ரிட் அதிகாரம் இவற்றுக்குச் சொத்தாக வந்தது. பழைய எல்லையும் சேர்ந்தே வந்தது. பின்னர் ஏற்பட்ட அலகாபாத், பாட்னா, லாகூர் உயர் நீதிமன்றங்களுக்கு முன்னோடியாக சுப்ரீம் கோர்ட் இருந்ததில்லை என்பதால் ரிட் அதிகாரமும் இல்லை. நாட்டின் பெரும்பகுதியில் அரசுக்கு எதிராக ரிட் கேட்க ஒரு மன்றம்கூட இருக்கவில்லை.

இருந்த அதிகாரமும் தேய்ந்தது. 1877-ஆம் ஆண்டின் தனிவகைத் தீர்வுச் சட்டம், உயர் நீதிமன்றங்கள் இனி மாண்டமஸ் ரிட் பிறப்பிக்கக் கூடாது என்று சொல்லி, அதற்குப் பதிலாக மாநகர எல்லைக்குள் மட்டும் செல்லும் ஓர் உத்தரவை வைத்தது. ஹேபியஸ் கார்ப்பஸின் இடத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-ஆம் பிரிவு பிடித்தது. 1923-இல் அந்தப் பிரிவு எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

எல்லையின் கடுமையை உணர்த்தியது 1943-ஆம் ஆண்டின் பர்லாகிமிடி வழக்கு. கஞ்சாம் மாவட்டத்தில் ஜமீன் கிராமங்களின் குத்தகைதாரர்கள், தங்கள் வாரம் உயர்த்தப்பட்டதை எதிர்த்தார்கள். அதற்கு ஒப்புதல் அளித்த வருவாய் வாரியம் சென்னையில் இருந்ததால், சென்னை உயர் நீதிமன்றத்தில் செர்ஷியோரரி கேட்டார்கள். வாரியத்தின் அலுவலகம் நகருக்குள் இருந்தால் மட்டும் போதாது, நிலமும் மக்களும் நகருக்கு வெளியே இருக்கும்போது ரிட் செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது.

அரசமைப்புக்குள் ரிட்

ஏழு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் அவற்றின் முழு ஆட்சிப் பரப்புக்கும் ரிட் அதிகாரத்தை அளித்தது. எந்த நபருக்கும் அதிகார அமைப்புக்கும், தக்க நேர்வுகளில் எந்த அரசாங்கத்துக்கும் ஆணையிடலாம் என்று 226-ஆம் உறுப்பு வெளிப்படையாகவே கூறுகிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் இடத்தில் அமைந்த இந்திய உச்ச நீதிமன்றம், 1862-இல் மறைந்த சுப்ரீம் கோர்ட் என்ற பெயரை மீண்டும் பெற்றது. இம்முறை நாடு முழுவதும் செல்லும் ரிட்டோடு.

இரண்டு உறுப்புகளுக்கும் வேறுபாடு உண்டு. 32-ஆம் உறுப்பு அடிப்படை உரிமைகளைக் காக்க மட்டுமே. ஆனால் உச்ச நீதிமன்றத்தை அணுகுவதையே அது ஓர் அடிப்படை உரிமையாக்குகிறது. 1948 டிசம்பர் 9-இல் அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், அரசமைப்பின் உயிரும் இதயமும் இந்த உறுப்புதான் என்றார். 226-ஆம் உறுப்போ அடிப்படை உரிமைகளோடு ‘வேறு எந்த நோக்கத்துக்கும்’ என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டவரும், உரிமம் ரத்தான வணிகரும், நிலம் கையகப்படுத்தப்பட்ட உழவரும் உயர் நீதிமன்றப் படியேறுவது இந்தச் சொற்களின் பலத்தில்தான். இந்த வகையில் உயர் நீதிமன்றத்தின் ரிட் உச்ச நீதிமன்றத்தின் ரிட்டைவிட அகலமானது.

இந்திய அரசமைப்பு எழுதப்பட்டபோது இங்கிலாந்து இப்பெயர்களைக் கைவிடத் தொடங்கிவிட்டது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாண்டமஸ், புரொஹிபிஷன், செர்ஷியோரரி ஆகிய ரிட்டுகளை அங்கே வெறும் உத்தரவுகளாக மாற்றியது. கோ வாரண்டோவை நீக்கியது. 2004-இல் லத்தீன் பெயர்களும் போய், எளிய ஆங்கிலப் பெயர்கள் வந்தன. பிறந்த நாட்டில் ஹேபியஸ் கார்ப்பஸ் தவிர மறைந்துவிட்ட ரிட், இந்திய அரசமைப்பில் ஐந்து பெயர்களோடும் நிலைத்திருக்கிறது. அதற்காக ஆங்கில ரிட்டுகளின் நுணுக்கங்கள் இந்தியாவைக் கட்டுப்படுத்துவதில்லை. ஐந்து பெயர்களையும் ‘அவற்றின் தன்மையுடையவை’ என்றே அரசமைப்பு குறிப்பிடுகிறது என்பதையும், ‘பணிப்புரைகள், ஆணைகள்’ என்ற பொதுச் சொற்களும் உடன் உள்ளன என்பதையும் 1954-ஆம் ஆண்டின் பசப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

எல்லை விரிந்த வழி

புதிய உச்ச நீதிமன்றத்தின் தொடக்ககால ரிட் வழக்குகளில் முதன்மையானவை சென்னை மாநிலத்திலிருந்து சென்றன. தடுப்புக் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் கேட்ட ஹேபியஸ் கார்ப்பஸை 1950 மே மாதத்தில் மன்றம் மறுத்தது. ஆனால் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்று தடுத்த, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவை நீக்கியது. அதே மாதத்தில், ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பம்பாய் இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதற்கு இருந்த தடையை ரமேஷ் தாப்பர் வழக்கு தகர்த்தது. முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு வா என்று 32-ஆம் உறுப்பின்கீழ் வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பதும் அத்தீர்ப்பில் உறுதியாயிற்று.

பழைய எல்லைச் சிக்கல் வேறு வடிவில் 1953-இல் திரும்பியது. சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாகா வெங்கட சுப்பா ராவ், தம் தகுதி குறித்த தேர்தல் ஆணைய விசாரணைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் பெற்றார். ஆணையம் இருப்பது டெல்லியில், சென்னையின் ரிட் அங்கே செல்லாது என்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. இதன்படி மத்திய அரசுக்கு எதிராக ரிட் கேட்பவர், எந்த மூலையில் இருந்தாலும், டெல்லிப் பகுதிக்குரிய மன்றத்தையே நாட வேண்டியிருந்தது. 1963-இல் வந்த 15-ஆம் திருத்தம் இந்தக் குறையைப் போக்கியது: வழக்குக்கான காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ எங்கே எழுந்ததோ, அங்குள்ள உயர் நீதிமன்றமும் ரிட் பிறப்பிக்கலாம்.

ரிட் தன் வேலையைச் செய்யாமல் நின்ற காலமும் உண்டு. 1975-இல் நெருக்கடி நிலையின்போது, உயிர்வாழ்வுக்கும் தனிமனித விடுதலைக்கும் உரிய 21-ஆம் உறுப்பைக் காட்டி நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், அப்போதும் ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவை விசாரிக்க முடியும் என்றன. 1976 ஏப்ரல் 28-இல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மறுத்தது; மாறுபட்டு எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. 20, 21 ஆகிய உறுப்புகளின் செயலாக்கத்தை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாது என்று 44-ஆம் திருத்தம் 1978-இல் விதித்தது. 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர்த் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது.

நெருக்கடி நிலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ரிட்டைக் கேட்கும் முறை தளர்ந்தது. சக கைதி வதைக்கப்படுவதாகத் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே நீதிபதி கிருஷ்ணய்யரின் அமர்வு மனுவாக ஏற்றது. பாதிக்கப்பட்டவருக்காகப் பொதுநல நோக்குடைய வேறொருவரும் வரலாம் என்பது 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் நிலைபெற்றது. 1983-இல், குற்றமற்றவர் என்று தீர்ப்பான பின்னும் பீகார் சிறையில் 14 ஆண்டுகள் கிடந்த ஒருவருக்கு ரிட் வழக்கிலேயே இழப்பீடு அளிக்கப்பட்டது. 32, 226 ஆகிய உறுப்புகளின் அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது, திருத்தத்தாலும் அதை அகற்ற முடியாது என்று 1997-ஆம் ஆண்டின் சந்திரகுமார் வழக்கு முடிவுகட்டியது.

அரிதாகப் பயன்படும் கோ வாரண்டோவுக்குத் தமிழ்நாடே பெரிய எடுத்துக்காட்டு. ஊழல் வழக்குகளில் தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கத் தகுதி இழந்த ஜெயலலிதா, 2001 மே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்றார். எந்த அதிகாரத்தால் அப்பதவியில் இருக்கிறார் என்ற கேள்விக்கு, அந்த நியமனம் செல்லாது என்று 2001 செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு விடையளித்தது.

தமிழில் ரிட்

தமிழில் ரிட் என்ற ஒலிபெயர்ப்பே முதலில் வழங்கியது. இன்றும் செய்தித்தாள்களிலும் நீதிமன்ற வளாகங்களிலும் அது வாழ்கிறது. சட்டத் தமிழ் வளர்ந்தபோது நீதிப்பேராணை என்ற சொல் உருவாயிற்று. ஆணை என்பது கட்டளையையும் சூளுரையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். ‘உன்மேல் ஆணை’ என்ற பேச்சில் இரண்டாவது பொருள் உள்ளது. சாதாரண அரசாணையிலிருந்து வேறுபடுத்தப் ‘பேர்’ என்ற அடையும், பிறப்பிப்பது யார் என்று காட்ட ‘நீதி’ என்ற முன்சொல்லும் சேர்ந்தன. இச்சொல்லில் எழுத்து என்ற பொருள் இல்லை. இலங்கையின் எழுத்தாணையோ மூலச் சொல்லின் வேரையே கையில் எடுத்திருக்கிறது.

ஐந்து வகைகளுக்கும் தமிழ்ப் பெயர்கள் அமைந்தபோது லத்தீன் வாசகங்கள் பெயர்க்கப்படவில்லை. ஒவ்வொன்றும் செய்யும் வேலையே பெயராயிற்று. ஆட்கொணர் நீதிப்பேராணை என்பதில் லத்தீனின் ‘உடல்’ ஆளாகிவிட்டது. ஐந்தில் மக்கள் வழக்கில் முழுமையாகக் கலந்தது இதுதான். ஆட்கொணர்வு மனு என்ற வடிவில் எல்லாச் செய்தித்தாள்களிலும் வருகிறது. மாண்டமஸுக்குச் செயலுறுத்தும், கட்டளையுறுத்தும் என்ற இரு அடைகள் வழங்குகின்றன. புரொஹிபிஷன் தடையுறுத்தும் நீதிப்பேராணை. கோ வாரண்டோ தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை. மூலத்தில் உள்ள கேள்வி ‘வினவும்’ என்பதில் காக்கப்பட்டிருக்கிறது. செர்ஷியோரரிக்கு நெறிமுறையுறுத்தும் என்றும் ஆவணக்கேட்பு என்றும் இரு பெயர்கள். முன்னது அதன் நோக்கத்தைச் சொல்கிறது. பின்னது, ஆவணங்களை வரவழைக்கும் அதன் முதல் படியைச் சொல்கிறது.

சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களிடம் ஆறாவது போன்ற ஒரு பெயரும் உண்டு: செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ். ஓர் உத்தரவை நீக்கிவிட்டு, அதே மூச்சில் வேறொன்றைச் செய்யுமாறு அதிகாரிக்குக் கட்டளையிடக் கோரும் மனுக்களில் இது வழக்கமாக இடம்பெறுகிறது. பணிநீக்க ஆணையை ரத்து செய்து மீண்டும் வேலையில் சேர்க்கும்படி கேட்பது இதற்குச் சரியான நேர்வு. லத்தீன் வினையை ஆங்கில எச்சமாக்கி இன்னொரு லத்தீன் வினையோடு பூட்டிய இச்சொல் அரசமைப்பில் இல்லை. மன்ற நடைமுறையில் மட்டும் உள்ளது.

இலங்கையில் இச்சொல்லின் பயணம் வேறு. அங்கே நாட்டின் தலைமை மன்றம் உயர் நீதிமன்றம் எனப்படுகிறது; இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்றால் மாநில அளவிலான மன்றம். 1937-இல், தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசிய பிரேஸ்கர்டில் என்ற வெள்ளையரை நாடுகடத்த ஆளுநர் ஆணையிட்டார். ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவை ஏற்ற அந்நாட்டுத் தலைமை மன்றம், ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூறி அவரை விடுவித்தது. 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் எழுத்தாணை அதிகாரம் 140-ஆம் உறுப்பின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உரியது. உயர் நீதிமன்றம் 126-ஆம் உறுப்பின்படி அடிப்படை உரிமை மனுக்களை விசாரிக்கிறது. 1987-இல் வந்த 13-ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் மாகாண விடயங்களில் எழுத்தாணை அதிகாரத்தை அளித்தது.

பேச்சுத் தமிழில் ரிட்டின் பொருள் இன்னொரு படி நகர்ந்திருக்கிறது. சட்டப்படி ரிட் பிறப்பிப்பது நீதிமன்றம். மனுதாரர் செய்வது அதைக் கேட்பது. ஆனால் ‘ரிட் போட்டிருக்கிறேன்’, ‘ஹைகோர்ட்டில் ரிட் போடு’ என்ற பேச்சில் ரிட் என்பது ஆணையைக் குறிப்பதில்லை, மனுவையே குறிக்கிறது, போடுபவர் குடிமகன். மன்னன் எழுதி அனுப்பியதற்குப் பெயராக இருந்த சொல், மன்றத்தின் ஆணைக்குப் பெயராகி, அந்த ஆணையைக் கேட்டு மக்கள் எழுதும் தாளுக்கும் பெயராகியிருக்கிறது.